அழைத்தால்தான் வருவார்கள்: கில்லீன் பயணம், நான்கு நாள்

முதல் நாள், புதன்

காலை ஆறரைக்கே பெரியவரின் கோல்ட் விங் மோட்டார் சைக்கிள் எங்கள் வாசலில் வந்து நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், வயது 77. என் வண்டி ரெபல் 500-ஐ ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரை அழுத்திப் பார்த்து, பையில் மழைக்கோட்டு இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் கிளம்ப விட்டார். டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு மேற்கே இந்தக் கேட்டி நகரத்தில் நாங்கள் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. இதுவரை அவரோடு போனதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் காபிக்குத்தான். இந்தப் பயணம் வேறு. கில்லீனில் இரண்டு அடக்கம் இருக்கிறது. இறந்த இருவரையும் அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அவர் பேட்ரியாட் கார்ட் ரைடர்ஸ் அமைப்பில் பல வருடமாக இருக்கிறார். பட்டாளத்தில் இருந்து மறைந்தவர்களின் இறுதி ஊர்வலத்தில் மோட்டார் சைக்கிளில் துணையாகப் போவார்கள். அடக்கம் நடக்கும் இடத்தில் கொடி பிடித்து இரண்டு பக்கமும் நிற்பார்கள். எல்லாரும் தொண்டர்கள். பெட்ரோல், சாப்பாடு, அறை வாடகை எல்லாம் அவரவர் கைக்காசு. சேருவதற்குச் சந்தா கிடையாது. பட்டாளத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. வண்டிகூட வேண்டியதில்லை, காரில் வந்து நிற்கிறவர்களும் உண்டு. மரியாதை இருந்தால் போதும் என்றார் பெரியவர். போன மாதம் வேலியோரம் நின்று இதைச் சொன்னபோதே, நானும் வரலாமா என்று கேட்டுவிட்டேன்.

கேட்டியிலிருந்து சீலி வரை பெரிய சாலை. அங்கே 36-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினால் பிரென்ஹாம், கால்டுவெல், கேமரன், ராஜர்ஸ், டெம்பிள் என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். மொத்தம் 180 மைல் இருக்கும். ஏப்ரல் மாதம் என்பதால் பிரென்ஹாமைச் சுற்றி சாலையின் இரண்டு பக்கமும் புளூபானெட் பூத்துக் கிடந்தது. நீலமாக, தரையோடு தரையாக. நடுநடுவே குங்குமம் சிந்தின மாதிரி இந்தியன் பெயின்ட்பிரஷ் பூக்கள். குறுக்குக் காற்றுதான் கொஞ்சம் படுத்தியது. சின்ன வண்டி என்பதால் லாரி ஒன்று எதிரே போகும்போதெல்லாம் தோள் இறுகிப்போனது.

கால்டுவெல்லில் நிறுத்தி கோலாச்சி சாப்பிட்டோம். செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த பன், நடுவில் பழக்கூழ் வைத்தது. அங்கே உட்கார்ந்துதான் இந்த அமைப்பு எப்படி ஆரம்பித்தது என்று பெரியவர் சொன்னார்.

கான்சாஸ் மாநிலத்து டொபீகாவில் வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் சர்ச் என்று ஒரு சின்னக் கூட்டம். ஓரினச் சேர்க்கையாளர்களை இந்த நாடு பொறுத்துக்கொள்வதால்தான் கடவுள் சிப்பாய்களைச் சாகடிக்கிறார் என்பது அவர்கள் பிரசாரம். இராக் போரில் இறந்தவர்களின் உடல்கள் வந்துகொண்டிருந்த 2005-இல், சிப்பாய்களின் அடக்கம் நடக்கும் இடங்களுக்கே வந்து, "உங்கள் பிள்ளை செத்ததற்குக் கடவுளுக்கு நன்றி" என்கிற மாதிரி பலகை பிடித்து நின்றார்கள். பெற்ற தாய் காரிலிருந்து இறங்கும்போது எதிரே அந்தப் பலகை. அதே கான்சாஸில் மல்வேன் என்ற சின்ன ஊரைச் சேர்ந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் சிலர், அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் ரைடர்ஸ் கிளையினர், இதைத் தாங்க முடியாமல் கிளம்பினார்கள். சண்டைக்குப் போகவில்லை. குடும்பத்துக்கும் பலகைக்கும் நடுவே கொடியோடு வரிசையாக நின்று மறைத்தார்கள். முழக்கம் காதில் விழாதபடி எஞ்சினை முறுக்கினார்கள். அவ்வளவுதான். சில மாதங்களில் நாடு முழுக்கப் பரவிவிட்டது.

இறந்த ஒரு சிப்பாயின் தகப்பனார் அந்தக் கூட்டத்தின் மேல் வழக்குப் போட்டார். 2011-இல் உச்ச நீதிமன்றம், எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம் ஒருவர் மறுபக்கமாக, அது பேச்சுரிமை என்று தீர்ப்பு சொன்னது. சட்டமாகப் பார்த்தால் எனக்குப் புரிகிறது. மனசு ஏற்கவில்லை. பெரியவர் அந்த நீதிமன்றத்தைக் குறை சொல்லவில்லை. "அவங்களுக்கு நிக்க உரிமை இருக்கு. எங்களுக்கும் இருக்கு" என்றார்.

மூன்று மணிக்குக் கில்லீன் வந்து சேர்ந்தோம். ஃபோர்ட் ஹூட் ராணுவத் தளத்தை ஒட்டி வளர்ந்த ஊர். முடி வெட்டும் கடை, அடகுக் கடை, தையல் கடை எல்லாமே பட்டாளத்துக்காரர்களை நம்பி நடக்கின்றன. வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரிலும் தெருவுக்கு நாலு வீடு பட்டாளம். எதிர்வீட்டுப் பட்டாளத்து மாமாவின் பச்சை டிரங்குப் பெட்டி நினைவுக்கு வந்தது. வெள்ளை பெயிண்டில் பேரும் நம்பரும் எழுதியிருக்கும். அதன்மேல் உட்கார்ந்துதான் நாங்கள் தாயம் ஆடுவோம்.

ராத்திரி ஒரு விஷயம் தெரிந்தது. குடும்பம் அழைக்காமல் இவர்கள் எந்த அடக்கத்துக்கும் போவதில்லை. ரைட் கேப்டன் என்று ஒருவர் இருப்பார். அவர்தான் குடும்பத்தோடு பேசுவார். வண்டி வேண்டாம், கொடி மட்டும் போதும் என்றால் அப்படியே. வாசலில் நில்லுங்கள், உள்ளே வேண்டாம் என்றால் அதுவும் அப்படியே. எனக்கு இது விசித்திரமாகப் பட்டது. கல்யாணத்துக்குத்தான் பத்திரிகை வைக்கவேண்டும், சாவுக்குச் சேதி காதில் விழுந்தால் போதும், செருப்பைத் தேடாமல் ஓடவேண்டும் என்று வளர்ந்தவள் நான். துக்க வீட்டுக்கு அழைப்பை எதிர்பார்த்து நிற்பது எங்கள் ஊரில் பெரிய அவமரியாதை. இதை யோசித்துக்கொண்டேதான் படுக்கப் போகிறேன்.

இரண்டாம் நாள், வியாழன்

இன்றைக்கு வியட்நாம் போரில் இருந்த ஒருவரின் அடக்கம். "மிஷன்" என்றுதான் இவர்கள் ஒவ்வொன்றையும் சொல்கிறார்கள். இறுதிச் சடங்கு நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் எட்டு மணிக்குக் கூடினோம். இருபத்திரண்டு வண்டி. தோல் வெஸ்ட், அதில் தைத்த பட்டைகள், நரைத்த தாடிகள். முதலில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. சேலை கட்டின தோழிகளோடு பொங்கல் வைக்கிறவள் இந்தக் கூட்டத்தில் எங்கே நிற்பது? ஒரு அம்மாள் வந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டு, கையில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்துவிட்டுப் போனார். அதோடு சரியாகிவிட்டது.

ரைட் கேப்டன் பேசினது ஐந்து நிமிடம்தான். இறந்தவர் பெயர், எந்தப் படைப்பிரிவு, குடும்பத்தில் யார் யார் வருகிறார்கள். பிறகு விதிகள். போனை அணைக்கவேண்டும். கொடி தரையைத் தொடக்கூடாது. குடும்பத்திடம் நாமாகப் போய்ப் பேசக்கூடாது, அவர்கள் பேசினால் பேசலாம். யாராவது எதிர்ப்புக் காட்ட வந்தால் அவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும், ஒரு வார்த்தை பேசக்கூடாது. இப்போதெல்லாம் யாரும் வருவதில்லை, ஆனாலும் விதியைச் சொல்லாமல் விடுவதில்லை என்றார் பெரியவர். கடைசியாக, நிற்கும்போது முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொள்ளாதீர்கள், மயக்கம் வரும் என்று சொன்னார்கள்.

கிக்ஸ்டாண்ட்ஸ் அப் 9.15. அதாவது ஒன்பதே காலுக்கு எல்லா வண்டியின் ஸ்டாண்டும் எடுத்திருக்கவேண்டும். பெரிய வண்டிகளின் பின்னால் கொடிகள் கட்டியிருந்தன. சவ வண்டிக்கு முன்னால் இரண்டு வரிசையாக, ஒருவருக்கு நேர் பக்கத்தில் ஒருவர் வராமல் ஒன்றுவிட்டு ஒன்றாக ஓட்டிப் போனோம். போலீஸ் வண்டி முனைகளில் நின்று வழி விட்டது. 195-ஆம் நெடுஞ்சாலையில் ஒன்றைப் பார்த்தேன். எதிரே வந்த கார்கள் ஒவ்வொன்றாக ஓரம் கட்டி நின்றன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பெயிண்ட் வேலைக்குப் போகிற ஒரு வேன் நின்றது. ஓட்டி வந்த பையன் இறங்கித் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். எங்கள் ஊரில் பாடை போகும்போது சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார்களே, அதே நிற்பு.

கல்லறைத் தோட்டம் டெக்சாஸ் மாநிலம் நடத்துவது. வெள்ளைக் கற்கள் வரிசையாக, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நேர்கோட்டில். ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல். குழிக்குப் பக்கத்தில் சடங்கு நடப்பதில்லை. பக்கம் திறந்த ஒரு மண்டபத்தில் நடக்கும், அரை மணிக்குள் முடிந்துவிடும். பிறகுதான் பெட்டியை ஊழியர்கள் கொண்டுபோய் அடக்கம் செய்வார்கள். சவ வண்டியிலிருந்து மண்டபம் வரை இரண்டு பக்கமும் நாங்கள் நின்றோம். ஆளுக்கு ஒரு கொடி.

தெற்குக் காற்று. மூன்றடிக்கு ஐந்தடித் துணி காற்றில் எவ்வளவு இழுக்கும் என்று பிடித்தவர்களுக்குத்தான் தெரியும். கம்பைப் பாதத்தோடு ஒட்டி வைத்து, ஒரு கையை மேலேயும் ஒரு கையை இடுப்பருகேயும் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள். பத்தாவது நிமிடம் கொடி என் முகத்தைச் சுற்றிக்கொண்டது. ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் தன் கொடியை அசைக்காமல் இடது கையை மட்டும் நீட்டி என் கொடியின் ஓரத்தைப் பிடித்து விடுவித்தார். தலையைத் திருப்பவில்லை.

பெட்டியின் மேல் கொடி போர்த்தியிருந்தது, நட்சத்திரப் பகுதி இறந்தவரின் இடது தோள் பக்கம் வருகிற மாதிரி. மண்டபத்துக்கு வெளியே ஏழு துப்பாக்கி, மூன்று முறை வேட்டு. பிறகு பியூகிள் என்ற ஊதுகொம்பில், டாப்ஸ் என்கிற இறுதி மரியாதை இசை. மொத்தமே 24 சுரம். 1862-இல், உள்நாட்டுப் போர் நடுவே வர்ஜீனியாவில் உருவான மெட்டு. உண்மையில் பியூகிள் ஊதத் தெரிந்தவர்கள் படையில் இப்போது போதவில்லை. அதனால் கொம்பின் அகன்ற வாய்க்குள் ஒரு சின்னக் கருவி பொருத்தின பியூகிளை 2003 முதல் பயன்படுத்துகிறார்கள். சிப்பாய் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு உதட்டில் வைத்துக்கொள்வார், பதிவான இசை வரும். 2000-ஆம் வருடம் முதல், தகுதியுள்ள ஒவ்வொரு முன்னாள் படைவீரருக்கும் குடும்பம் கேட்டால் குறைந்தது இரண்டு சீருடைக்காரர்கள் வந்து கொடியை மடித்துக் கொடுத்து டாப்ஸ் ஒலிக்கவேண்டும் என்பது சட்டம். இரண்டு பேரில் ஒருவராவது இறந்தவர் இருந்த அதே படையைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும். எல்லாருக்கும் உண்டு என்று சொன்னபிறகு ஆள் இல்லை என்று கைவிரிக்க முடியாதே. கருவியானாலும் அந்தச் சிப்பாய் கடைசிச் சுரம் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

கொடி மடிப்பதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. ஒரு பையன், ஒரு பெண். இரண்டு பேருக்கும் இருபது இருபத்தொன்று இருக்கும். ஒன்பதரை அடி நீளத் துணியை நீளவாக்கில் இரண்டு முறை மடித்து, பிறகு கோடு போட்ட முனையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக. மொத்தம் 13 மடிப்பு. ஒவ்வொரு மடிப்புக்கும் அந்தப் பெண் வெள்ளைக் கையுறை போட்ட கையின் ஓரத்தால் விளிம்பைத் தேய்த்து அழுத்தினாள். அம்மா முறுக்குக்கு மாவை அச்சில் அடைக்கிற மாதிரி, இடைவெளியே இல்லாமல். கடைசியில் சிவப்பு ஒரு நூலளவுகூடத் தெரியவில்லை. நீலமும் நட்சத்திரமும் மட்டும். பையன் மனைவியின் முன் மண்டியிட்டுக் கொடுத்தான். நாட்டின் சார்பாக நன்றி சொல்கிற அந்த வாசகத்தைச் சொல்லும்போது அவன் குரல் பாதியில் ஒருமுறை தேய்ந்து திரும்பியது.

எல்லாம் முடிந்து குடும்பத்தின் கடைசி ஆள் போகும்வரை நாங்கள் நகரக்கூடாது. அந்த மனைவி காருக்குப் போகாமல் வரிசையில் ஒவ்வொருவரிடமாக வந்தார். என்னிடம் வந்து நின்று, அவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். "நல்ல மனுஷன். கொஞ்சம் பிடிவாதம்" என்றார். என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

ஒரு குடும்பம் தன் துக்கத்துக்குள் அந்நியரை விடுவதா வேண்டாமா என்பதை அந்தக் குடும்பம்தானே முடிவு செய்யவேண்டும்? கான்சாஸில் அழையாமல் வந்து நின்றவர்களால்தான் இவர்கள் கிளம்பினார்கள். இவர்களும் அழையாமல் நின்றால் அப்புறம் என்ன வித்தியாசம்? நேற்று ராத்திரி புரியாதது இன்று புரிந்தது.

சாயங்காலம் பெரியவர் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். 1970-இல் வியட்நாமிலிருந்து திரும்பினபோது விமான நிலையக் கழிப்பறையில் சீருடையைக் கழற்றிப் பைக்குள் சுருட்டி வைத்துவிட்டு, சாதாரணச் சட்டையில்தான் வெளியே வந்தாராம். யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம். இப்போது அந்தக் காலத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் "வெல்கம் ஹோம்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். காலையில் அவர் நாலைந்து பேரிடம் அதைச் சொன்னதைக் கேட்டேன். ஐம்பது வருடத்துக்குப் பிறகு சொல்கிற வரவேற்பு.

மூன்றாம் நாள், வெள்ளி

இன்றைக்கு அடக்கமானவருக்கு யாரும் இல்லை. தரைப்படையில் இருந்தவர். தேடிப் பார்த்தும் உறவு என்று ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. குடும்பம் இல்லாத இடத்தில் கல்லறை நிர்வாகமே அழைக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஊருக்கே சொல்லிவிடுவார்கள். 2019 ஜனவரியில் இதே கல்லறையில், வியட்நாம் காலத்து விமானப்படை வீரர் ஒருவருக்கு ஆள் இல்லை என்று சேதி பரவி, முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் வந்து, கார் வரிசை நெடுஞ்சாலையில் நீண்டு நின்றதாம்.

இன்று அவ்வளவு இல்லை. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு பேர். ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் வேலை முடிந்த கையோடு வந்திருந்தார். பணியில் இருக்கிற சிப்பாய்கள் ஆறு பேர் சீருடையில். கைக்குழந்தையோடு ஒரு பெண்.

முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தன. குடும்பத்துக்கு உள்ளவை அல்லவா, யாரும் உட்காரத் துணியவில்லை. ரைட் கேப்டன் மெதுவாக எங்களைப் பார்த்து, "நாமதான்" என்றார். நான்கு பேர் போய் உட்கார்ந்தோம்.

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அப்பா போனபோது தெருமுனை வரைதான். பறைச் சத்தம் தூரமாகப் போய்க்கொண்டே இருக்க, அத்தை என் தோளைப் பிடித்துத் திருப்பி வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அப்பாவோடு போக முடியாத மீதித் தூரம் பதினொரு வருடமாக எனக்குள் அப்படியே இருந்தது. இன்றைக்கு, பேரைத் தவிர எதுவும் தெரியாத ஒருவருக்காக அந்தத் தூரத்தின் கடைசி வரை போய் உட்கார்ந்திருந்தேன். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் 1948-இலிருந்து இதற்கென்றே பெண்கள் இருக்கிறார்கள் என்று பக்கத்து நாற்காலி அம்மாள் சொன்னார். துணைக்கு ஆளில்லாமல் ஒரு விமானப்படைச் சிப்பாய் அடக்கமாவதைப் பார்த்த படைத் தளபதியும் அவர் மனைவியும் ஆரம்பித்து வைத்தார்களாம்.

மடித்த கொடியை அந்த அம்மாளிடம்தான் கொடுத்தார்கள். அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நிமிடம் மடியில் வைத்திருந்துவிட்டு என்னிடம் நீட்டினார். வாங்கினேன். பருத்தித் துணி. பார்க்கிறதைவிடக் கனமாக இருந்தது, உள்ளே காற்றே இல்லாத கனம். விரலுக்கடியில் நட்சத்திரத்தின் தையல் நெருடியது. நான் பெரியவரிடம் கொடுத்தேன். அப்படியே ஒவ்வொரு கையாக நாற்பத்தொரு பேரிடமும் போய்த் திரும்பி வந்தது. கைக்குழந்தையின் உள்ளங்கையை எடுத்து அந்தப் பெண் கொடியின் மேல் வைத்தாள்.

உறவு தெரியாமல் போனவர்களை இந்த ரைடர்கள் தேடித் தேடிக் கொண்டுசேர்க்கிறார்கள். இதற்கென்றே மிஸ்ஸிங் இன் அமெரிக்கா என்ற திட்டம் 2007 முதல் நடக்கிறது. யாரும் வாங்கிக்கொள்ளாத அஸ்திகள் இறுதிச் சடங்கு நிலையங்களின் அலமாரிகளில் வருடக்கணக்காக இருக்கும். அதில் பட்டாளத்தவர் யார் என்று ஆவணங்களை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். பெரியவர் எப்போதும் சொல்கிற கதை ஜூவெட் வில்லியம்ஸ் உடையது. 1864-இல் மெய்ன் மாநிலத்தின் 20-ஆவது படைப்பிரிவில் சேர்ந்து உள்நாட்டுப் போரின் கடைசி மாதங்களில் இருந்தவர். 1922-இல் நாட்டின் மறுகோடியில், ஒரேகன் மாநில மனநல மருத்துவமனையில் இறந்தார். அஸ்தியை வாங்க யாரும் வரவில்லை. அங்கே அப்படி 3,000-க்கும் மேற்பட்ட செப்புக் குவளைகள் இருந்தன. 2016 ஆகஸ்டில் இந்த ரைடர்கள் அவருடைய அஸ்தியை மோட்டார் சைக்கிளில் எடுத்துக்கொண்டு, ஒரு மாநிலத்தார் எல்லைவரை கொண்டுவர அடுத்த மாநிலத்தார் வாங்கிக்கொள்ள, பசிபிக் பக்கமிருந்து அட்லாண்டிக் பக்கம் வரை கைமாற்றிக்கொண்டே போனார்கள். அடுத்த மாதம் அவர் பிறந்த ஹாட்ஜ்டனில் அடக்கம் நடந்தது. இறந்து 94 வருடம் கழித்து.

ராத்திரி அறைக்கு வந்து அம்மாவுக்குப் போன் பண்ணினேன். எங்கே போய்வந்தேன் என்று சொன்னதும் முதல் கேள்வி, "தலைக்குக் குளிச்சிட்டியா?" குளித்துவிட்டேன் என்றேன். "யாரு, தெரிஞ்சவங்களா?" இல்லை என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "சாப்பிட்டுப் படு" என்று வைத்துவிட்டாள்.

நான்காம் நாள், சனி

கிளம்பும் முன் கல்லறைக்கு ஒருமுறை போய்விட்டு வரலாம் என்றார் பெரியவர். புது மண். கல் வைக்க இன்னும் நாள் ஆகும், இப்போதைக்கு ஒரு சின்ன அடையாள அட்டைதான். பக்கத்துக் கற்கள் சிலவற்றின் மேல் நாணயங்கள் இருந்தன. ஒரு சென்ட் வைத்தால் வந்து பார்த்துவிட்டுப் போனேன் என்று அர்த்தமாம். கூடப் பயிற்சி எடுத்தவர்களுக்கு ஐந்து சென்ட், கூடப் பணியில் இருந்தவர்களுக்குப் பத்து. பெரியவர் குனிந்து மண்ணிலேயே ஒரு சென்ட்டை அழுத்தி வைத்தார். என்னிடம் சில்லறை இல்லை. அவரே இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார்.

திரும்பி வந்தது அதே 36-ஆம் சாலை. மழை இல்லை. வழியில் கேமரனில் மட்டும் நிறுத்தினோம்.

வீட்டுக்கு வந்து, வண்டியை நிறுத்தி, குளித்துவிட்டு உட்கார்ந்தபோது அம்மாவே கூப்பிட்டாள். இங்கே சனி ராத்திரி, அங்கே ஞாயிறு காலை.

"இன்னிக்கு அமாவாசை. அப்பாவுக்குச் சோறு வைக்கப் போறேன். அந்த யாருமில்லாத மனுஷன், அவரு பேரு என்ன?"

"எதுக்கும்மா?"

"காக்காவுக்கு வைக்கும்போது அவரையும் சேத்துச் சொல்லிடறேன்."

சொன்னேன். அம்மா வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், வரவில்லை. எழுத்துக்கூட்டிச் சொன்னேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. போனைத் திண்ணையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். கா, கா என்று கூப்பிடுகிற சத்தமும், நடுவில் அப்பா பெயரும், அதை ஒட்டி அந்தப் பெயரும் கேட்டன.